ஒலி ஏறி இறங்குவதைச் செவிநரம்பு எப்படிக் கண்டுகொள்கிறது? கணக்கு உதைக்கிறது

அலைக்கோடு எழுதியது:

வணக்கம். ஒலிப்பதிவு மென்பொருள் எழுதுவது என் வேலை. மைக்கில் வரும் ஒலி எப்போது கூடுகிறது, எப்போது தணிகிறது என்று கண்டுபிடிப்பது எங்களுக்குச் சின்ன வேலைதான். அலையின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு மீதியை ஒரு லோ-பாஸ் ஃபில்டரில், அதாவது வேகமான ஆட்டங்களை வடிகட்டிவிடும் ஃபில்டரில் விட்டால், ஒலி கூடிக் குறைவதைக் காட்டும் மேல்விளிம்பு மட்டும் வழுவழுவென்று வந்துவிடும். இதையே காது எப்படிச் செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு செவிநரம்பு இழையால் தொடர்ந்து நொடிக்கு 200, 300 துடிப்புகளுக்கு மேல் அனுப்ப முடியாது என்கிறார்கள். அதிலும் பல இழைகள் அமைதியிலேயே நொடிக்கு 50, 60 என்று துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒலி 30, 40 டெசிபல் ஏறுவதற்குள் பெரும்பாலானவை உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் நாம் கேட்பதோ சுமார் 120 டெசிபல் வரை, அதாவது அலைவீச்சில் பத்து லட்சம் மடங்கு. அந்த நீளம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரு டெசிபல் வித்தியாசத்தைக்கூட நம்மால் சொல்ல முடிகிறது. உச்சத்தில் நின்றுவிட்ட இழைக்கு அதற்கு மேல் ஒலி ஏறி இறங்குவது எப்படித் தெரியும்? இது முதல் கேள்வி. இரண்டாவது, நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் ஒலி என்றால் அதை ஒவ்வொரு தடவையும் யார் எண்ணுகிறார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

---

மயிரிழை எழுதியது:

இந்தத் துறையில்தான் ஆய்வு செய்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன இரண்டு படிகளும் காதுக்குள்ளேயே இருக்கின்றன, நரம்புக்கு வருவதற்கு முன்பே. உட்காதின் நத்தைச்சுருளில் உள்வரிசை மயிர்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500 இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் படிக்கட்டு மாதிரி உயரம் மாறும் நுண்மயிர்கள். அவை உயரமான பக்கம் சாய்ந்தால் மின்னேற்றத் துகள்கள் நுழையும் அயனி வாயில்கள் திறக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மூடும். ஓய்வு நிலையில் சில வாயில்கள் மட்டுமே திறந்திருப்பதால், மூடுவதால் வரும் மாற்றம் சின்னது, திறப்பதால் வரும் மாற்றம் பெரியது. உங்கள் மென்பொருளில் கீழ்ப்பாதியை வெட்டுகிறீர்களே, அது இங்கே இப்படி நடக்கிறது. அப்புறம் செல்லின் சவ்வு வேகமான மின் மாற்றங்களை மழுக்கிவிடும். குறைந்த அதிர்வெண் ஒலிகளில் அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தோடும் நரம்பு ஒட்டிப் போகும், ஆனால் 4,000, 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அந்த ஒட்டுதல் ஏறக்குறைய போய்விடும், மேல்விளிம்பு மட்டும் மிஞ்சும்.

இதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது, மென்பொருள்காரர்கள் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நத்தைச்சுருள் முதலில் ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை நொடிக்கு 4 தடவை ஏற்றி இறக்கினால் கணக்குப்படி அதில் இருப்பது 996, 1,000, 1,004 என்ற மூன்று ஒலிகள். அந்தப் பகுதியில் காதின் வடிகட்டி ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸ் அகலம், மூன்றும் ஒரே இடத்தில் விழுந்து ஒன்றோடொன்று கலப்பதால் அந்த இடம் நொடிக்கு 4 தடவை பெரிதாகவும் சிறிதாகவும் ஆடும். அதே ஒலியை நொடிக்கு 300 தடவை ஏற்றி இறக்கினால் 700, 1,000, 1,300. மூன்றும் வேறு வேறு இடத்தில் விழும், ஏற்ற இறக்கமாகக் கேட்காது, மூன்று தனி ஒலிகளாகவே பிரிந்து கேட்கும். ஆகவே எதை ஏற்ற இறக்கம் என்று எடுத்துக்கொள்வது என்பதையே பாதி முடிவு செய்வது இந்த வடிகட்டிகள்தான்.

சரி, நரம்புக்கு வருவோம். மயிர்செல்லுக்கும் நரம்பு இழைக்கும் நடுவே உள்ள சந்திப்பான சினாப்ஸ், ஒலி தொடங்கியதும் இழையைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளை வாரி இறைக்கும், சில மில்லி நொடிகளிலேயே கை சுருங்கிவிடும், பிறகு சில பத்து மில்லி நொடிகளில் இன்னும் மெதுவாகக் குறையும். இதனால் இழையின் பதிலில் ஒலியின் தொடக்கமும் ஏறுமுகமும் மிகைப்பட்டுத் தெரியும், மாறாமல் நிற்கும் ஒலி மங்கிவிடும். நரம்பை ஒலிமானி என்று நினைத்துப் படித்தால்தான் கணக்கு உதைக்கும். மாற்றத்தைச் சொல்வதற்காக அமைந்தது என்று வைத்துக்கொண்டு பாருங்கள், நீங்கள் குறை என்று நினைக்கும் பல விஷயங்களுக்கு வேலை இருப்பது தெரியும்.

யார் எண்ணுகிறார்கள் என்றீர்கள். ஒரு தனி இழையும் எண்ணுவதில்லை. நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் ஒலிக்கு ஓர் இழை சில சுற்றுகளில் துடிக்கும், சில சுற்றுகளை விட்டுவிடும், ஆனால் துடிக்கும்போதெல்லாம் ஏறுமுகத்தை ஒட்டியே துடிக்கும். ஒரு மயிர்செல்லிலிருந்து 10 முதல் 20 இழைகள் புறப்படுகின்றன, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குச் சுற்றுகளை விடும். பெருங்கூட்டம் தாளத்துக்குக் கைதட்டும்போது ஒவ்வொருவரும் சில தட்டுகளைத் தவறவிட்டாலும் தாளம் விட்டுப்போகாமல் கேட்கும் அல்லவா, அப்படித்தான். இப்படிப் பல இழைகள் பங்கிட்டு வேகத்தைக் காட்டுகின்றன என்ற கருத்து 1930களிலேயே வந்துவிட்டது. இழையின் சராசரித் துடிப்பு எண்ணிக்கையைப் பார்த்தால் ஏற்ற இறக்கத்தின் வேகம் தெரியவே தெரியாது, 20 தடவை என்றாலும் 100 தடவை என்றாலும் சராசரி ஏறக்குறைய ஒன்றுதான். தகவல் இருப்பது எப்போது துடித்தது என்பதில்.

---

செவிவாயில் எழுதியது:

மயிரிழை நேரத்தைப் பற்றி நன்றாக விளக்கியிருக்கிறார், ஆனால் உச்சத்தில் நின்றுவிட்ட இழை என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. நேரத்தை வைத்து மட்டும் அதைச் சமாளிக்க முடியாது, ஏனென்றால் ஒலி பலமாகும்போது உச்சத்தைத் தொட்ட இழைகளில் அந்த ஒட்டுதலும் குலைகிறது. ஒலியின் பள்ளத்திலும் துடிக்கும், மேட்டிலும் துடிக்கும் என்றால் எதைப் பார்த்து வேறுபடுத்துவது?

இழைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. அமைதியிலேயே நிறையத் துடிக்கும் இழைகள் மெல்லிய ஒலிக்கே விழித்துக்கொள்ளும், சீக்கிரம் உச்சத்துக்குப் போய்விடும். அமைதியில் ஏறக்குறைய துடிக்காமலே இருக்கும் இழைகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றை எழுப்ப ஒலி பலமாக இருக்க வேண்டும், எழுந்தபின் மெதுவாகத்தான் ஏறும். பலமான ஒலியில் முதல் ரகம் தட்டையாகிக் கிடக்கும்போது ஏற்ற இறக்கத்தைத் தெளிவாகச் சொல்வது இந்த இரண்டாவது ரகம். பூனைகளின் நரம்பிழைகளில் அளந்தபோதும் ஏற்ற இறக்கத்தோடு கூடுதல் இறுக்கமாக ஒட்டிப் போனவை இவைதான்.

இன்னொன்று, பலமான ஒலி அடிக்கும்போது நத்தைச்சுருளில் அக்கம்பக்கத்து இடங்களும் ஆடும். நடு இடத்து இழைகள் உச்சத்தில் இருக்க, ஓரத்து இழைகள் அப்போதுதான் தங்கள் ஏறுமுகத்தில் இருக்கும். ஓர் இழையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு 40 டெசிபலுக்கும் 120 டெசிபலுக்கும் முடிச்சுப் போட்டால் முடிச்சு விழாது. ஒரு காதிலிருந்து சுமார் 30,000 இழைகள் போகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று உண்டு. 2005ல் டீன், ஹார்ப்பர், மெக்ஆல்பின் மூவரும் கினிப் பன்றிகளின் நடுமூளையில் பதிவு செய்தார்கள். ஒலியின் அளவை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் பெரும்பாலான நேரம் ஒரு குறுகிய வரம்புக்குள்ளேயே வைத்தார்கள். நியூரான்கள் தங்கள் வேலை செய்யும் வரம்பையே அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டன. சுற்றுப்புறம் 75 டெசிபல் என்றால் 75ஐச் சுற்றிய சின்னச் சின்ன மாற்றங்கள் நன்றாகத் தெரியும்படி தங்களைத் திருத்திக்கொண்டன. நரம்பிழைகளிலேயே இது ஓரளவு நடக்கிறது என்பது பிறகு பூனைகளில் தெரிந்தது. ஒரே நேரத்தில் 120 டெசிபலையும் அளக்க வேண்டிய தேவையே காதுக்கு இல்லை. இப்போது இருக்கும் இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று தெரிந்தால் போதும்.

---

அலைக்கோடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. வரம்பு நகர்கிறது என்பது எனக்குப் புதிது, அதோடு பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் நேரத்தில் தகவல் இருக்கிறது என்றால் அந்த நேரத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டுமே. மூளை எந்த வேகம் வரைக்கும் அப்படியே பின்தொடர்கிறது? பெருமூளை வரை ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் துடிப்பாகவே போய்ச் சேருகிறதா?

---

நடுமூளை எழுதியது:

போய்ச் சேருவதில்லை. மேலே போகப் போக வேகம் குறைகிறது, குறையும்போது தகவலின் வடிவமும் மாறுகிறது. இந்தத் துறைக்கே உயிர் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நரம்பிழை நொடிக்குப் பல நூறு ஏற்ற இறக்கங்களைப் பின்தொடரும், பூனைகளில் சுமார் 1,000 வரை. அடுத்த நிலையம் மூளைத்தண்டில் உள்ள செவிக்கரு. அங்கே சில செல்களில் பல இழைகள் வந்து கூடுகின்றன, ஓரிரு மில்லி நொடிக்குள் பல இழைகள் சேர்ந்து துடித்தால்தான் அந்தச் செல் துடிக்கும். நரம்பிழைகள் ஒன்றாகத் துடிப்பது எப்போது? ஒலி ஏறும்போது. ஆகவே தனித்தனியாக அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் துடிப்புகள் உதிர்ந்துபோய் ஏறுமுகம் மட்டும் வடிகட்டி வரும். நரம்பைவிட இந்தச் செல்களில் ஏற்ற இறக்கம் கூர்மையாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். செவிவாயில் கேட்ட, பலமான ஒலியில் குலைந்துபோகும் ஒட்டுதலையும் இங்கே கொஞ்சம் மீட்டெடுக்க முடிகிறது.

நடுமூளைக்கு வந்தால் பெரிய மாற்றம். 1988ல் லாங்னரும் ஷ்ரைனரும் பூனைகளில் காட்டினார்கள், அங்கே பல நியூரான்களுக்கு ஒவ்வொன்றுக்கும் பிடித்த ஒரு வேகம் உண்டு. ஒன்று நொடிக்கு 30 ஏற்ற இறக்கத்துக்கு அதிகம் துடிக்கும், இன்னொன்று 80க்கு. எப்போது துடித்தது என்பதில் இருந்த தகவல், எந்த நியூரான் எத்தனை தடவை துடித்தது என்று மாறிவிட்டது. நரம்பில் சராசரி ஒன்றும் சொல்லாது என்று மயிரிழை எழுதினாரே, இங்கே சராசரியே சொல்லிவிடும். எப்படி மாறுகிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. ஒன்று இப்படிப் போகும்: ஒரு நியூரானுக்குத் தூண்டலும் வருகிறது, சற்றுத் தாமதித்துத் தடையும் வருகிறது, தடை கொஞ்ச நேரம் நீடிக்கிறது. அடுத்த ஏற்றம் தடை விலகிய சமயம் பார்த்து வந்தால் நியூரான் துடிக்கும், தடைக்குள் மாட்டினால் அடங்கிவிடும். எந்த இடைவெளி பொருந்துகிறதோ அதுதான் அந்த நியூரானுக்குப் பிடித்த வேகம். இதற்கு நேரெதிராக, குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அடங்கிப்போகும் நியூரான்களும் அங்கே நிறைய இருக்கின்றன, அவற்றின் வேலையும் முக்கியமானது.

பெருமூளையில் 2001ல் லூ, லியாங், வாங் ஆகியோர் விழித்திருக்கும் மார்மோசெட் குரங்குகளில் பார்த்தார்கள். கிளிக் ஒலிகளை 20, 25 மில்லி நொடிக்கு மேல் இடைவெளி விட்டுக் கொடுத்தால் ஒரு வகை நியூரான்கள் ஒவ்வொரு கிளிக்கையும் பின்தொடர்ந்தன. இடைவெளி அதைவிடக் குறைந்தால் அவை கைவிட்டுவிட்டன. இன்னொரு வகை அந்த இடத்தில் பொறுப்பை எடுத்துக்கொண்டது, பின்தொடராமல், இடைவெளி குறையக் குறையத் துடிப்பு வீதத்தைக் கூட்டியது.

இது நாம் கேட்கும் அனுபவத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். நொடிக்கு 4 ஏற்ற இறக்கம் என்றால் ஒலி தனித்தனியாகக் கூடுவதும் தணிவதும் காதில் விழும், அந்த உணர்வு உச்சமாக இருப்பதும் 4ஐ ஒட்டித்தான். 20, 30ஐத் தாண்டினால் தனித்தனியாகத் தெரியாது, ஒரே கரகரப்பு. 70ஐ ஒட்டிக் கரகரப்பு மிகவும் அதிகம். அப்புறம் அதுவும் மறையும்.

---

ஒலிச்சோதனை எழுதியது:

நான் செவித்திறன் பரிசோதகர். இந்த விஷயம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காது சோதனையில் பீப் ஒலி கேட்கிறதா என்று பார்ப்போம், எல்லாம் சரி என்று வரும். ஆனால் சோதனைக்கு வந்தவரோ நாலு பேர் பேசும் இடத்தில் பேச்சே புரியவில்லை என்பார். 2009ல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளுக்கு 100 டெசிபல் இரைச்சலை இரண்டு மணிநேரம் கொடுத்தார்கள். கேட்கும் எல்லை, அதாவது காதில் விழக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு, சில நாட்கள், வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மயிர்செல்களும் சாகவில்லை. ஆனால் நத்தைச்சுருளின் சில பகுதிகளில் சினாப்ஸ்களில் ஏறக்குறைய பாதி போயிருந்தன, திரும்பவில்லை. பிறகு கினிப் பன்றிகளில் பார்த்தபோது அதிகம் போனவை அமைதியில் துடிக்காத அந்த இரண்டாவது ரக இழைகள். மெல்லிய பீப்பைக் கேட்க முதல் ரகம் போதும், சோதனையில் தேறிவிடுவார்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க வேண்டிய ரகம்தான் இல்லை. உயிரோடிருக்கும் மனிதர்களிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும், எந்தச் சோதனையால் கண்டுபிடிப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனாலும் சோதனையில் தேறிவிட்டார் என்பதற்காக ஒருவருடைய புகாரை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இதற்கு மாறான நிலையும் உண்டு. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் வெளிவரிசை மயிர்செல்கள் பழுதானால் காதின் இயற்கையான அமுக்கம், அதாவது மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலமான ஒலியைக் குறைவாகவும் பெருக்கும் தன்மை, போய்விடும். ஒலி கொஞ்சம் ஏறினாலே அவர்களுக்கு அதிகமாக ஏறியதாகத் தெரியும், ஏற்ற இறக்கம் பெரிதாகவே கேட்கும். கேட்புக் குறைவு என்றாலே ஏற்ற இறக்கம் தெரியாமல் போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதில் சொல்லத் தெரியாத கைக்குழந்தைகளிடம் இதையே சோதனையாகவும் வைத்திருக்கிறோம். நொடிக்கு 80 முதல் 100 தடவை ஏறி இறங்கும் ஒலியைக் காதில் விட்டுத் தலையில் ஒட்டிய மின்முனைகளில் அதே வேகத்தில் மின் அலை வருகிறதா என்று பார்ப்போம். 40 வேகத்தில் பெரியவர்களுக்குப் பதில் பெரிதாக வரும், ஆனால் தூக்கத்தில் அது சுருங்கிவிடும், குழந்தைகள் தூங்கும்போதுதான் சோதனை செய்ய முடியும் என்பதால் வேகத்தைக் கூட்டி வைக்கிறோம்.

---

மின்முனை எழுதியது:

ஏற்ற இறக்கம் மட்டும் இருந்தாலே பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1995ல் ஷானனும் உடன் இருந்தவர்களும் செய்ததைப் பாருங்கள். பேச்சை நான்கே அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேல்விளிம்பை மட்டும் எடுத்து, அதை வெறும் இரைச்சல் மீது ஏற்றினார்கள். குரலின் சுருதி, இனிமை எதுவும் இல்லை, கரகரவென்று இருக்கும். கொஞ்சம் பழகிய பிறகு கேட்டவர்கள் அமைதியான அறையில் வாக்கியங்களில் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். காது கேளாதவர்களுக்கு உட்காதில் பொருத்தும் நத்தைச்சுருள் பதியக் கருவிகளும் (காக்ளியர் இம்ப்ளான்ட்) இதை நம்பியே ஓடுகின்றன, ஒவ்வொரு மின்முனையிலும் சீரான மின் துடிப்புகள் போகும், அவற்றின் பலம் மட்டும் பேச்சின் மேல்விளிம்பைப் பின்பற்றும். இரைச்சலில் பேச்சும் இசையும் கருவி பொருத்தியவர்களுக்குக் கடினமாக இருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். மேல்விளிம்புக்குள் இருக்கும் நுண்ணிய அலை போய்ச் சேருவதில்லை.

---

அலைக்கோடு எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கிடைத்தது. வேலை சம்பந்தமாக ஒன்று மட்டும் கேட்கிறேன். பேச்சுப் பதிவுகளுக்கு நாங்கள் கம்ப்ரெஸ்ஸர் போடுவோம், பலமான இடங்களைத் தணித்து ஒலியைச் சமமாக்கும் கருவி அது. தணித்ததை மறுபடி விடுவிக்க அது எடுத்துக்கொள்ளும் ரிலீஸ் நேரத்தைக் குறைத்து வைத்தால் ஒலி அளவு சமமாக இருக்கும் என்று குறைத்தே வைக்கும் பழக்கம். இங்கே எழுதியதைப் பார்த்தால் அது தப்பாகப் படுகிறது. இதையெல்லாம் என் காதாலேயே சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறதா?

---

மின்முனை எழுதியது:

பேச்சில் மேல்விளிம்பின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நொடிக்கு 2 முதல் 16 வரை, அதிலும் 4, 5 பக்கம் உச்சம், அசைகள் வரும் வேகம் அது. ஒரு சுற்று 200, 250 மில்லி நொடி. கம்ப்ரெஸ்ஸர் அதைவிட வேகமாக இறங்கி ஏறினால் அசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தைத் தூக்கி நிரப்பிவிடும். லேசாகப் போட்டால் கெடுதல் இல்லை, அழுத்திப் போட்டால் நரம்பு எதைப் பிடித்துக்கொண்டு போகிறதோ அதையே நீங்கள் தட்டையாக்குகிறீர்கள். ரிலீஸை அரை நொடிக்கு மேல் வைத்து, எவ்வளவு அழுத்துகிறது என்ற விகிதத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். காது கேட்க உதவும் செவிப்பொறிகளிலும் கம்ப்ரெஸ்ஸர் வேகமானதா மெதுவானதா என்ற விவாதம் நெடுநாளாக நடக்கிறது, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது.

---

நடுமூளை எழுதியது:

சோதனைக்கு: 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, 1,004 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று, இரண்டையும் ஒரே அளவில் கூட்டி ஒரே ஸ்பீக்கரில் விடுங்கள். நொடிக்கு 4 தடவை அலை அலையாகக் கேட்கும். இரண்டாவதை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். 1,030ல் அலை தெரியாமல் துடிதுடிப்பாகும், 1,070ல் நல்ல கரகரப்பு, 1,300க்குப் போனால் கரகரப்பு போய் இரண்டு சுத்தமான ஒலிகள் தனித்தனியாக நிற்கும். அந்த இடத்தில் இரண்டும் வேறு வேறு வடிகட்டிக்குப் போய்விட்டன. ஹெட்போன் என்றால் மோனோவாகக் கூட்டியே கொடுங்கள். இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் எந்தக் காதுக்குள்ளும் ஏற்ற இறக்கம் இருக்காது, அப்போது கேட்பது இரண்டு காதின் தகவலும் மூளைத்தண்டில் சேரும்போது உண்டாவது, குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் மங்கலாக வரும். ஒலி அளவை மட்டும் குறைவாகவே வையுங்கள், சுத்தமான ஒலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று சட்டென்று பிடிபடாது.